மாமாவிடம் சொல்ல ஓர் அலாரம்

டாக்டரம்மாவின் கை மாட்டுக்குள் தோள் வரை போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவருடைய போன் அலறும். இன்னொரு கை சும்மா இருக்குமா என்றால் அதுவும் இருக்காது. அதில் சினை ஊசி போடுகிற நீளக் கருவி இருக்கும். அந்த மருந்தகத்தில் நான் கால்நடை ஆய்வாளர். என் இரண்டு கையும் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மாட்டுக்காரர்தான் ஜன்னல் மேடையில் இருக்கிற போனை எடுத்து, திரையில் வருவதை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வார்.

"மூன்றாம் அத்தியாயம், முதல் பகுதின்னு வருதும்மா."

"நிறுத்திடுங்க."

"முடிச்சிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல."

இப்படித்தான் உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் மாடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அவருடைய ஆய்வு எந்த அத்தியாயத்தில் நிற்கிறது என்பது தெரிந்துபோனது. சந்தையில் பார்த்தால்கூட நலம் விசாரிப்பதுபோல மூன்றாம் அத்தியாயத்தை விசாரித்தார்கள். அவரும் சலிக்காமல் பதில் சொல்லுவார்.

அவர் எங்கள் மருந்தகத்துக்கு வந்தபோது புதிதாகக் கல்யாணம் ஆனவர். மாமனார் வீடு உத்திரமேரூர். கணவருக்குக் கோயம்புத்தூரில் வங்கி வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து போவார். மாமியார் இவர் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக அந்தப் பெரிய வீட்டில் இவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமனாரும் மட்டும்தான். மருந்தக வேலை, வீட்டு வேலை இரண்டும் போதாதென்று பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். முதல் நாளே என்னிடம், "நாமெல்லாம் களத்துலயே இருக்கறவங்க சார். நம்ம தொழிலேதான் நம்ம ஆய்வுக்கூடம். கைடு அப்படித்தான் சொன்னார்" என்றார். சாணித் தரையைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடம் ஆய்வுக்கூடம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

பட்டம் வாங்கப் போகிறார் என்ற செய்தி ஊரில் முதலில் கொஞ்சம் பீதியைக் கிளப்பியது. ஒரு பெரியவர் தன் கன்றுக்குட்டியைக் கையில் பிடித்தபடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்ப இத்தினி நாளா அந்தம்மா டாக்டர் இல்லியா நைனா? போன மாசம் என் மாட்டுக்கு ஊசி போட்டுச்சே" என்றார். இது வேறு டாக்டர், அது வேறு டாக்டர் என்று நான் விளக்கினேன். அவர் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. படித்து முடிக்கிற வரைக்கும் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம், குடற்புழு மருந்து மட்டும் கொடு என்று வாங்கிக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவுக்கு நேரம் என்றால் ஒரு வெறி. நேரமில்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். நேரத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும் என்பார். உறைந்திருக்கும் விந்துக் குச்சியை வெந்நீரில் போட்டு இளக வைக்கிற அரை நிமிடத்தில் ஒரு கட்டுரையின் முதல் பாராவைப் படித்து முடிப்பார். அதுவும் பத்தாமல், எந்தப் புத்தகத்திலோ வீடியோவிலோ பார்த்துவிட்டு மாதத்துக்கு ஒரு முறை புது முறை ஒன்றைக் கொண்டுவருவார். அது வருகிற ஒவ்வொரு முறையும் சேதாரம் எனக்குத்தான்.

ஒரு தடவை தடுப்பூசித் தேதி எழுதுகிற பலகையில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலு கட்டம் வரைந்தார். அவசரம், முக்கியம், இரண்டும் உள்ளது, இரண்டும் இல்லாதது. மருந்தகத்தில் நடக்கிற எல்லா வேலையையும் பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டே வந்தார். காலையில் நான் குடிக்கிற டீயை இரண்டும் இல்லாத கட்டத்தில் எழுதினார். எனக்கு மனசு ஆறவே இல்லை. இருபத்தைந்து வருட சர்வீஸில் என் டீயை யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் முகம் கொடுத்துப் பேசாததைப் பார்த்து மறுநாள் அதை அழித்துவிட்டு, 'முக்கியம், ஆனால் அவசரமில்லை' கட்டத்துக்கு மாற்றினார். அதிலிருந்து டீ ஆறிப்போய்த்தான் வந்தது.

இன்னொரு தடவை, இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று ஒரு கணக்கு. போனில் மணி வைத்துவிடுவார். இந்தக் கணக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். எங்களுக்கு ஒரு நாள் கன்று திரும்பிக்கிடந்த கேஸ் வந்தது. மாட்டுக்காரரும் அவர் தம்பியும் நானும் கயிற்றைப் பிடித்து இழுக்கிறோம், டாக்டரம்மா உள்ளே கையை விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அப்போது பார்த்து ஓய்வு மணி அடித்தது. மாட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டுப் போய்ப் படித்தார். "ஓய்வுன்னு சொல்லுதும்மா. இன்னா பண்றது?" என்று அவர் கேட்டபோது டாக்டரம்மாவின் முகம் போன போக்கை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கன்று உயிரோடு வந்தது. அதற்கு 'ஓய்வு' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இத்தனை மணி வைத்தும் அந்த ஆய்வு மட்டும் நகரவில்லை.

ஆய்வின் தலைப்பு அவர்மேல் எனக்கு மரியாதை வரவைத்த ஒன்று. மாடு பருவத்துக்கு வந்தால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று சாயங்காலம் ஊசி போட வேண்டும், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. அதைத் தவறவிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் தீனி செலவு தண்டம், கன்றும் இல்லை, பாலும் தள்ளிப்போகும். எங்கள் பக்கத்தில் பாதி மாடுகள் நேரம் தவறித்தான் வந்துகொண்டிருந்தன. ஏன் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

அதற்காகக் கேள்வித்தாள் ஒன்று தயார் செய்து, வீட்டுக்கு வீடு போய்க் குடும்பத் தலைவரிடம் கேட்டார். நானும் கூடப் போவேன். எல்லாக் குடும்பத் தலைவர்களும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மாடு கத்தியதும் பார்த்தோம், பார்த்ததும் கொண்டுவந்தோம். மாகறலில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் அப்படிச் சொன்னபோது டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்துப் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை.

"வேணும்னா லேட்டாத்தான் இட்டாந்தேன்னு போட்டுக்கம்மா. உனுக்கு எது சௌகரியமோ அத போட்டுக்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

கைடு அந்தத் தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம். எல்லாரும் உடனே கொண்டுவந்தார்கள் என்றால், மாடுகள் ஏன் சினை பிடிக்கவில்லை? பதிவுக்காலம் முடிந்து, ஒரு முறை நீட்டித்து, அதுவும் முடிந்து, கடைசி நீட்டிப்பில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆடிக்குள் ஆய்வேடு உள்ளே போகாவிட்டால் பதிவு ரத்து. நாலு வருட உழைப்பு காலி. அன்றைக்கு மருந்தகத்தில் உட்கார்ந்து அவர் அலாரம் எல்லாவற்றையும் வரிசையாக அழித்துவிட்டுப் புதிதாக வைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

அவருக்கு நேரம் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். சாயங்காலம்தான் போகிறது. வீடு திரும்பியதும் மாமனார் ஹாலில் காத்திருப்பார். மாட்டு நாற்றத்தோடு வருகிற மருமகளுக்கு வெந்நீர் போட்டு வைத்திருப்பார், காபியும் அவரே கலந்து வைத்திருப்பார். மருமகள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்குக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மை ஊசி மாதிரி எல்லாருக்கும் சின்ன வயதிலேயே போட்டுவிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகள் இவருக்கு அருமையாக வாய்த்தார். சபைக்குப் போட்டியிட யாருக்குத் தகுதி உண்டு, சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது இத்தனைக்குள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்குவார். கணக்குக் காட்டாமல் போனவனுடைய சொந்தக்காரர்கள் யார் யாருக்குத் தகுதி இல்லை என்று ஒரு பட்டியல் உண்டு. சித்தி மகன், அத்தை மகன் என்று அந்த உறவுமுறைகளை விளக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆகும். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடும். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறந்தால் டாக்டரம்மாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும்.

தப்பிக்க அவர் செய்யாத தந்திரம் இல்லை. யாரோ போனில் கூப்பிடுகிற மாதிரி மணி அடிக்கும்படி ஒரு அலாரம் வைத்துப் பார்த்தார். அடித்ததும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். மாமனார் பதறாமல், "பேசிட்டு வாம்மா, நான் இருக்கேன்" என்று அதே நாற்காலியில், பேச்சை அதே இடத்தில் நிறுத்திவைத்துக் காத்திருப்பார். இல்லாத ஆளோடு எவ்வளவு நேரம்தான் பேச முடியும். திரும்பி வந்து அத்தை மகனிலிருந்து கேட்பார்.

நேராகச் சொல்லிவிடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். "கெட்டவரா இருந்தா சொல்லிடலாம் சார்" என்றார்.

அந்த மாகறல் பெரியவர் வீட்டு மாடு மூன்றாவது முறையும் சினை நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு, பங்குனி வாக்கில் ஒரு காலை நாங்கள் அங்கே போனோம். பெரியவர் வழக்கம்போல, போன ஊசிக்கும் முந்தின நாள் சாயங்காலம்தான் மாடு கத்தியது, விடிந்ததும் இட்டாந்தேன் என்று அடித்துச் சொன்னார். அவருக்குப் பின்னால் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்த மருமகள் இல்லை என்று தலையை லேசாக ஆட்டினாள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போனார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அதுக்கும் மொத நாளு காலையிலயே எனுக்குத் தெரியும்க்கா. பால் கறக்கச் சொல்லவே பாத்துட்டேன். பின்னால கண்ணாடி மாரி ஒழுவிக்கினு இருந்துச்சி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாராண்ட சொல்றது? வூட்ல மாமனார் மட்டுந்தான் கீறாரு. மாமியார் போய்ச் சேந்துட்டாங்க. மாடு காளைக்குக் கத்துதுன்னு மாமனாராண்ட எப்பிடிக்கா வாயத் தொறந்து சொல்றது? எங்க வூட்டுக்காரு கம்பெனி வேன்ல போயிட்டு ராத்திரிதான் வர்றாரு. அவராண்ட சொன்னா, அவரு காலையில அவுங்க அப்பாவாண்ட சொல்லுவாரு. அவரு ராகு காலம் எமகண்டம் பாத்து இட்டுக்கினு வர்றதுக்குள்ள எல்லாம் போயிடுது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்க மாமனார் என்ன, கடிச்சா சாப்பிட்டுடுவாரு?"

"ஐயே, அவரு தங்கமான மனுசன்க்கா. மூஞ்ச பாத்தா சொல்ல வரல."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சோப்பு நுரையோடு கையை நீட்டியபடி அப்படியே நின்றார். அந்தப் பெண் மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வருகிற வழியில் செய்யாற்றுப் பாலம் தாண்டியதும் டாக்டரம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார். "நாலு வருஷமா மாட்ட யார் பாக்கறாங்கன்னு கேக்காம, மாட்ட யார் இழுத்துட்டு வர்றாங்கன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன் சார். பாக்கறவங்களுக்கு வாய் இல்ல. வாய் இருக்கறவங்க பாக்கல."

ஆய்வை முதலிலிருந்து தொடங்கி, பெண்களிடம் கேட்க வேண்டும். அது அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆனால் பெண்கள் கையில் வேலை இல்லாமல் நாலு பேராகக் கிடைப்பது பால் சொசைட்டியில் மட்டும்தான். சாயங்காலம் கேனை வரிசையில் வைத்துவிட்டு, அளந்து முடிகிற வரைக்கும் நின்று பேசுவார்கள். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் ஒவ்வொரு ஊர் சொசைட்டிக்குப் போனால்தான் ஆய்வு பிழைக்கும். சாயங்காலம் மாமாவுடையது.

முதலில் என்னைத் தூது அனுப்பினார். ஊர்க்காரன், வயதில் பெரியவன், பக்குவமாகச் சொல்லிவிடுவேன் என்று நம்பினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். மாமா வந்த ஆளை உட்கார வைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, காபி கொடுத்து, எந்தத் தெரு, எந்தப் பள்ளியில் படித்தேன் என்று விசாரித்தார். அப்புறம் சபையில் எத்தனை வாரியம் என்று ஆரம்பித்தார். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். வாசல் வரை வந்து, அடிக்கடி வாங்க என்று வேறு சொன்னார். மறுநாள் டாக்டரம்மா ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். நான் டீ வாங்கி வரப் போய்விட்டேன்.

வேறு வழி தெரியாமல் அவர் அதற்கும் ஒரு அலாரம் வைத்தார். 'மாமாவிடம் சொல்.' தினம் அடிக்கும், தினம் தள்ளிவைப்பார். மருந்தகத்தில் அடித்தபோதெல்லாம் மாட்டுக்காரர்கள் படித்தார்கள். மாமாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சுற்றுப்பட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஐயங்கார்குளத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்த ஒருவர், தனிக்குடித்தனம் போகப் போகிறார் என்றே முடிவு கட்டிவிட்டார். ஒரு கிழவி எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சொல்ல வேண்டியவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, மருந்தகச் சாவியைக் கொடுக்க ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மாமா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார். டாக்டரம்மா சமையல்கட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஹால் மேஜையில் இருந்த போன் அடித்தது. "கை மாவா இருக்கும்மா உனக்கு, நான் பாக்கறேன்" என்று மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எடுத்தார். படித்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"மாமாவிடம் சொல்லுன்னு இருக்கே. என்னம்மா சொல்லணும்?"

டாக்டரம்மா மாவுக் கையோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன். யாருக்காக இல்லாவிட்டாலும் அந்த மாகறல் பெண்ணுக்காகவாவது இவர் வாயைத் திறக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"மாமா, எனக்குச் சாயங்காலம் வேணும்" என்றார். "ஆடிக்குள்ள முடிக்கலன்னா எல்லாம் போயிடும் மாமா. நீங்க பேசறத இனிமே உக்காந்து கேக்க முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

மாமா போனை மெதுவாக மேஜையில் வைத்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அது வருத்தமா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"கல்வெட்டு ரெண்டாவது மாசமே தீந்து போச்சும்மா" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"அதுல அவ்வளவுதான் இருக்கு. அப்புறம் நான் சொன்னதெல்லாம் திருப்பித் திருப்பிச் சொன்னதுதான். புருஷன் ஊர்ல இல்ல, அத்தையும் இல்ல, வந்த பொண்ணு தனியா உக்காந்துட்டு இருக்கக் கூடாதேன்னு ஆரம்பிச்சேன். நீ அவ்வளவு ஆவலா கேப்ப. நிறுத்தினா உன் மனசு நோகுமேன்னு நிறுத்தல. என் கூட்டாளிங்கல்லாம் ஏரிக்கரையில சாயங்காலம் ஷட்டில் ஆடறாங்க. நாலு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மாவுக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மாவு. மாமாவும் சிரித்தார், ஆனால் அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நாலு வருடமாக ஒருவருக்காக ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு பேருமே தேய்ந்திருக்கிறார்கள். அப்படியானால் வாரியத்தையெல்லாம் என்னிடம் எதற்குச் சொன்னார் என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. அதை நான் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா பழைய கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடித்துப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். டாக்டரம்மா மாகறல் பால் சொசைட்டிக்குப் போனார்.

முதல் நாள் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா கேள்வித்தாளை எடுக்காமல், தன் மாமாவிடம் சொல்ல நாலு வருடம் பிடித்த கதையைச் சொன்னார். கேன்கள் வரிசையில் நகராமல் நின்றுவிட்டன. அளக்கிறவர் சத்தம் போட்டும் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். மாமியார் உள்ள வீட்டில் மாமியார் வழியாகச் செய்தி போகும். அவளோடு சண்டை என்றால் அன்றைக்கு மாட்டுக்குப் பருவம் போச்சு. நாத்தனார் வந்திருந்தால் அவள் வழி. ஒருத்தி எதுவும் சொல்லாமல் மாட்டை அவிழ்த்துக்கொண்டுபோய் மாமனார் படுக்கிற கட்டிலுக்கு நேராகக் கட்டிவிடுவாளாம். அது ராத்திரி முழுக்க அவர் காதில் கத்தும். அவர் அப்போதும், மாட்டுக்குத் தாகம் போல என்று தண்ணீர் காட்டிவிட்டுத் தூங்கிவிடுவாராம்.

டாக்டரம்மா அவர்களுக்குத் தன் நம்பரைக் கொடுத்தார். மாமனாரிடம் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் உங்கள் மாமனாரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். விடியற்காலையில் போன் வர ஆரம்பித்தது. டாக்டரம்மா அந்தந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, இன்று சாயங்காலம் உங்கள் மாட்டைக் கொண்டுவாருங்கள் என்பார். அவர்கள் திகைத்துப்போனார்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு மாடு பருவத்துக்கு வந்தது இந்தம்மாவுக்கு எப்படித் தெரிகிறது? பட்டப் படிப்புப் படித்தால் அப்படித் தெரியுமாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வைத்தியம் வேண்டாம் என்று குடற்புழு மருந்தோடு போனவர், அந்தக் கன்றுக்குட்டி மாடாகி நிற்கிற இப்போது அதை ஊசிக்கு இவரிடமே ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

ஆடி மாதக் கடைசி நாளன்று ஆய்வேடு உள்ளே போனது. வாய்மொழித் தேர்வுக்கு மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எல்லாரும் குடும்பத் தலைவரைத்தானே கேட்பார்கள், நீங்கள் ஏன் மாற்றினீர்கள் என்றார். மாட்டைத் தினமும் பார்க்கிறவர்களிடம் கேட்க எனக்கு நாலு வருடம் தாமதமாகிவிட்டது, அதுவும் இந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று என்று டாக்டரம்மா சொன்னார். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். காபி இடைவேளையில் அவரை மாமா பிடித்துக்கொண்டார். கல்வெட்டைப் பற்றித் தெரியாத ஆள் கிடைத்துவிட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரம்மா தூரத்தில் நின்று பார்த்தார், காப்பாற்றப் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை. மருந்தகக் கதவை நான் திறந்துகொண்டிருந்தேன். வாசலில் மாகறல் பெரியவர் மாட்டோடு நின்றார். டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவருக்கு அன்று விடியற்காலை எந்த போனும் வரவில்லை, பெரியவரையும் யாரும் கூப்பிடவில்லை.

"எப்ப பாத்தீங்க பெரியவரே?"

"நேத்து சாயங்காலம்மா. பால் கறக்கச் சொல்ல."

"நீங்களா பாத்தீங்க?"

பெரியவர் மாட்டின் கழுத்தைத் தடவினார். புளியமரத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல. மருமவ சொல்லிச்சி."

டாக்டரம்மா கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றுவிட்டார். ஆய்வேடு பைண்டு ஆகிப் போய்விட்டது, அதில் இனி ஒரு வரி சேர்க்க முடியாது.

"யாராண்ட சொல்லிச்சி?" என்று அவர் கேட்டார். அவர் எங்கள் பேச்சில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என்னாண்டதாம்மா" என்றார் பெரியவர். "மூஞ்சிக்கு நேராவே சொல்லிச்சி."